எங்கள் வீட்டுக்குள் இருந்த குழி

எங்கள் வீட்டில் நடுவீட்டிலேயே ஒரு குழி இருந்தது. தொடையளவு ஆழம். ஒரு ஆள் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போடுகிற அகலம். அம்மா அதற்குள் உளுந்துப் பானையையும் புளிச்சட்டியையும் வைத்திருப்பாள். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஊறும், தவளை வரும். சின்னப் பிள்ளையாய் இருந்தபோது ரெண்டு முறை விழுந்து முட்டியைப் பேத்துக்கொண்டிருக்கிறேன். “இந்தக் கெரகத்த மூடித் தொலைச்சா என்ன” என்று அம்மா கத்துவாள். அப்பாயி ஒரே பேச்சுத்தான் பேசும்: “அது ஒங்க தாத்தன் ஒக்காந்த எடம். கெடக்கட்டும்.”

அது தறிக்குழி. தாத்தா அதில் காலை விட்டு மிதியை மிதித்துத் துப்பட்டியும் முரட்டு வேட்டியும் நெய்திருக்கிறார். எங்களைக் கோலியர் என்பார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் வரிசையில் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. நெசவைத் தொழிலாகக் கொண்ட பறையர் பிரிவு என்று 1909இல் வெளிவந்த தன் தொகுதிகளில் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை. சேரி என்றால் சேரிதான். நெய்கிற சேரி, அறுக்கிற சேரி என்று அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

யுத்தம் முடிந்து நூலுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். சங்கத்தில் சேர்ந்தால்தான் நூல். பக்கத்து ஊர் நெசவாளர் சங்கத்துக்குத் தாத்தா போய் நின்றிருக்கிறார். “ஒனக்குத்தான் பண்ணை வேல இருக்கே, தறி எதுக்கு?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சேர்க்க மாட்டோம் என்றுகூடச் சொல்லவில்லை. மூணு நாலு தரம் நடந்து பார்த்தார். கடைசியில் படமரத்தை விறகுக்குப் போட்டுவிட்டு நடவு வரப்புக்கு இறங்கினார். 2003இல் சாகும்வரை அவர் கூலிக்காரர். இறப்புச் சான்றிதழிலும் கூலிதான்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது ஒரு நாள் வகுப்பில் சங்கப் பாட்டில் நூல் நூற்கிற பெண்கள் வருகிற இடம் நடந்தது. நெசவு யார் யார் தொழில் என்று பேராசிரியர் கேட்டார். ஆளாளுக்குச் சாதி சொன்னார்கள். நான் எழுந்து, “எங்க தாத்தா தறி போட்டிருந்தார்ங்க ஐயா” என்றேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். “ஒங்க பக்கம் பறை கட்டுவாங்க, தறி கட்டுவாங்களா?” என்றார். எதுகை நன்றாக விழுந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. என் தோழி ஒருத்தியும் சிரித்தாள், அவளை நான் இப்போதும் மன்னிக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பதில் தேடித்தான் நூலகத்துக்குப் போனேன். சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்தைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் எடுத்துப் படித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து போய் உலகம் மதித்த வரலாற்றாசிரியரான சின்னப்பா அரசரத்தினம், விஜயா ராமசாமி, பிரசன்னன் பார்த்தசாரதி என்று இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். என் தாத்தாவின் குழியைத் தேடிப் போனவளுக்கு முதலில் கிடைத்தது கோட்டைகளும் பீரங்கிகளும்தான்.

நாகப்பட்டினத்தில் பஸ் ஏறி வடக்கே போனால் நாகூர், அப்புறம் காரைக்கால், அப்புறம் தரங்கம்பாடி. ஒரு மணி நேரம், கூடப் போனால் ஒன்றரை. இந்தச் சின்னத் தூரத்துக்குள் எத்தனை கொடி பறந்திருக்கிறது தெரியுமா? நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துக்கீசியர். 1658இல் அவர்களை அடித்து விரட்டிவிட்டு ஒல்லாந்தர். காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். தரங்கம்பாடியில் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிய டேனிஷ்காரர். இன்னும் கொஞ்சம் வடக்கே கொள்ளிடத்து முகத்தில் தேவிக்கோட்டையை 1749இல் பிடித்த ஆங்கிலேயர். நாலு எசமான்கள், ஒரே கடற்கரை. சின்ன வயதில் தரங்கம்பாடிக் கோட்டையைச் சுற்றிப்பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். எதற்காகக் கட்டினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. துணிக்காக.

அவர்களுக்கு இந்தத் துணி உடுத்துவதற்கு மட்டும் தேவைப்படவில்லை. மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் பாண்டாவில் சாதிக்காயும் விளைந்தன. அந்தத் தீவுக்காரர்கள் சரக்குக்குப் பதிலாக அதிகம் கேட்டது நம் கரையின் துணியை. இங்கே துணி வாங்கு, அங்கே கொண்டுபோய் மாற்று, அந்த வாசனைச் சரக்கை ஐரோப்பாவில் விற்று லாபம் பார். சூத்திரம் இவ்வளவுதான். 1612இல் ஹென்ட்ரிக் புரௌவர் என்ற ஒல்லாந்த அதிகாரி, சோழமண்டலக் கரை மொலுக்காத் தீவுகளின் இடது கை என்றும் இந்தத் துணி இல்லாமல் அங்கே வியாபாரம் செத்துப்போகும் என்றும் எழுதினார். இடது கை! அவர் என்ன நினைத்து எழுதினாரோ. இடது கைக்கு நம் ஊரில் என்னென்ன வேலை ஒதுக்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பழவேற்காட்டில் 1610இலேயே ஒல்லாந்தர் பண்டகசாலை போட்டுவிட்டார்கள். 1611இல் ஆங்கிலேயரின் குளோப் என்ற கப்பல் அங்கே போய் நின்றது. எங்களுக்குத்தான் சாசனம், உனக்கு இடமில்லை போ என்று விரட்டினார்கள். மறுவருஷம் போர்த்துக்கீசியர் வந்து ஒல்லாந்தரின் பண்டகசாலையை அழித்தார்கள். அதனால் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. ஆங்கிலேயர் மசூலிப்பட்டினம், ஆர்மகான் என்று அலைந்துவிட்டுக் கடைசியில் 1639இல் சென்னைக்கு வந்தார்கள். பிரான்சிஸ் டே இந்த இடத்துக்காக வாதாடியபோது சொன்ன காரணம், வேறெங்கும் கிடைப்பதைவிட இங்கே துணி 20 விழுக்காடு மலிவு என்பது. சென்னைப் பட்டணம் பிறந்த கதை இது. அந்த 20 யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று டே எழுதவில்லை. அப்புறம் காலடிப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, 1734இல் சிந்தாதிரிப்பேட்டை என்று நெய்கிறவர்களையும் வெளுக்கிறவர்களையும் பக்கத்தில் கொண்டுவந்து குடிவைத்தார்கள்.

படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 1659 முதல் 1661 வரை. பிஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைத் திரும்பத் திரும்பச் சூறையாடிய காலம். பஞ்சம். நாகப்பட்டினம் ஒல்லாந்தர் கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் மற்ற துறைகளிலும் கம்பெனி அந்த மூன்று வருஷத்தில் 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பகுதி இலங்கைக்கு. கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

நாகப்பட்டினம் எனக்கு ஏதோ வரலாற்று ஊரில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது கூட்டிப்போன ஊர். அங்கே கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். துணிப் பேல் ஏற்றிய அதே கரையில் ஆளையும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கணக்குகளைப் பற்றி நான் படித்தவற்றில் ஆள்களின் சாதி வரவில்லை. பஞ்சத்தில் முதலில் எந்த வீட்டுப் பிள்ளை விற்கப்படும் என்று தஞ்சாவூர்க்காரிக்கு யாரும் ஏடு காட்டிச் சொல்ல வேண்டாம். நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற சீமை இது. அடிமையைக் கப்பலேற்றியவன் ஒல்லாந்தன். அவன் வருவதற்கு முன்பே இங்கே அடிமை தயாராக இருந்தான். இதைச் சொன்னால் நம் தேசபக்தர்களுக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. சோழமண்டலத்தில் நெய்து அவுரி நீலத்தில் தோய்த்த ஒரு முரட்டுத் துணிக்குக் கினித்துணி என்றே பெயர். ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போனதால் அந்தப் பெயர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் டேனிஷ்காரரும் அங்கே மனிதர்களை வாங்கியபோது கொடுத்த சரக்குகளில் இந்தத் துணி முக்கியமானது. தங்கள் நாட்டு நெசவாளர்கள் கூச்சல் போட்டார்கள் என்பதற்காக 1700இலும் 1721இலும் இங்கிலாந்து நம் அச்சடித்த துணியை உடுத்தத் தடைச் சட்டம் போட்டது. பிரான்ஸ் 1686இலிருந்து 1759வரை தடை வைத்திருந்தது. ஆனால் வேறு நாட்டுக்கு அனுப்ப என்றால் தடை இல்லை. தன் ஊர்க்காரி உடுத்தினால் குற்றம், கறுப்பு மனிதரை வாங்கக் கொடுத்தால் வியாபாரம். செனகல் ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிசின் வாங்கியபோது புதுச்சேரி நீலத்துணிதான் காசு மாதிரிப் புழங்கியது. 19ஆம் நூற்றாண்டிலும் அது நடந்தது. இங்கிருந்து போன துணி, அங்கே ஒரு கறுப்புப் பெண்ணின் கழுத்துக்கு விலை. இது தெரிந்த பிறகு, நம் முன்னோர் நெய்த துணி உலகத்தையே உடுத்தியது என்று மேடையில் யாராவது பெருமை பேசினால் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமாகாது. இந்தப் போட்டியால் தறிக்காரருக்குப் பலன் இருந்தது. பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூலில் இதைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். நெசவாளர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். வேறொருவன் கூட விலை கொடுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனுக்கு நெய்யலாம். வியாபாரி நினைத்தபோது பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. பஞ்சு விலை ஏறினால் பாவில் இழையைக் குறைத்துவிடுவார்கள். 120 இழை ஒரு புஞ்சம். புஞ்சத்தில் கைவைத்தால் துணி இளசாகும், கம்பெனிக்காரன் பிடிக்கிறானா பார்ப்போம் என்று இருந்திருக்கிறார்கள். ரொம்ப நெருக்கினால் தறியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கொடிக்குப் போய்விடலாம். புதுச்சேரிக்காரன் சரியில்லையா, கடலூர் இருக்கிறது. காரைக்கால் சரியில்லையா, தரங்கம்பாடி இருக்கிறது.

இதை அப்பாயிக்குச் சொன்னேன். அப்போது அதுக்கு எண்பது வயதுக்கு மேல். பாக்கை இடித்துக்கொண்டே, “இதப் படிக்கவா காலேசுக்குப் போன? ரெண்டு மிராசு சண்ட போட்டுக்கிட்டாத்தான் நமக்கு அர மரக்கா கூட வரும். ரெண்டு பேரும் சம்பந்தம் பண்ணிக்கிட்டா நாம செத்தோம்” என்றது.

அப்படித்தான் நடந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள், 1749இல் திரும்பக் கொடுத்தார்கள். 1760இல் வந்தவாசியில் தோற்றார்கள். 1761இல் புதுச்சேரி விழுந்து தரைமட்டமானது. 1781 நவம்பரில் நாகப்பட்டினம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஒவ்வொரு கோட்டையும் விழ விழத் தறிக்காரர் போய் நிற்க ஒரு வாசல் அடைபட்டது. 1760களின் பின்பாதியிலேயே கம்பெனி ஆட்டத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. நடுவிலிருந்த வியாபாரிகளை ஒதுக்கிவிட்டுத் தன் ஆளை நேரே தறிக்கு அனுப்பியது. வேறொருவருக்கு நெய்யக்கூடாது, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகக்கூடாது. காவலுக்குச் சேவகன், அவனுக்குப் படியும் நெசவாளர் தலையில். கடலூர், செங்கல்பட்டுப் பக்கம் தறிக்காரர்கள் வேலையை நிறுத்தி எதிர்த்துப் பார்த்தார்கள். போக வேறு இடமில்லாதவரின் வேலைநிறுத்தம் எத்தனை நாள் நிற்கும்?

எங்கள் பக்கத்தில் அப்பாயி சொன்ன ‘சம்பந்தம்’ வேறு மாதிரி நடந்தது. நாகை வட்டார மிராசுதாரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றாய்ச் சேர்ந்தார்கள். கூலி நெல் கூடக் கேட்டவர்களுக்குப் போக வேறு களம் இல்லாமல் செய்வதுதான் அவர்கள் நோக்கம். வெளியூர் ஆளை இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அப்பாயி அதை நினைத்துத்தான் சொன்னதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து வெளியே போயிருக்கும், அந்தப் பேச்சை எடுத்தால் அது அப்படித்தான் செய்யும்.

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு முறை இதையெல்லாம் வைத்துப் பேசினேன். ஏகாதிபத்தியங்களுக்கிடையேயான போட்டி என்ற தலைப்பில் கூட்டம். நல்ல தோழர்கள், சிறை பார்த்தவர்கள். ஒருவர், வெள்ளைக்காரன் டாக்கா நெசவாளர்களின் கட்டைவிரலை வெட்டினான் என்று தொடங்கினார். அந்தக் கதையின் மூலத்தைப் போய்ப் பாருங்கள் தோழர் என்றேன். 1772இல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியது வேறு. வங்காளத்தில் பட்டு நூல் சுற்றுகிறவர்கள், கட்டாய வேலைக்குத் தப்பிக்கத் தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்று அவர் எழுதினார். வெட்டியவன் கம்பெனிக்காரன் என்பதைவிட இது கொடுமை. அதுவும் நெய்தவர்கள் இல்லை, நூல் சுற்றியவர்கள். கட்டைவிரல் என்றால் எங்களுக்கு ஏகலைவன்தான் ஞாபகம் வருகிறான், கேட்டவன் வெள்ளைக்காரன் இல்லையே என்றும் சொன்னேன். கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு.

நான் அன்றைக்குச் சொல்ல வந்தது முழுசாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நெசவாளர் என்று நீங்கள் சொல்லும்போது ஒரு தறியையும் அதில் உட்கார்ந்த ஒரு ஆணையும்தான் பார்க்கிறீர்கள். அந்தத் தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டை சுற்ற வேண்டும். ராட்டையில் உட்கார்ந்தது பெண்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் கூலிக்காரப் பெண்கள், சேரிப் பெண்கள், கைம்பெண்கள். சிவப்புச் சாயத்துக்கு இம்பூறல் வேர் வேண்டும். கடற்கரை மணலில் வெயிலில் குனிந்து தோண்டுகிற வேலை அது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவதைச் சாதிக் கடமையாகவே வைத்திருந்தார்கள். ஒல்லாந்தர் வந்து அந்தக் கடமையை ஒழித்தார்களா? இல்லை, அதையே தங்கள் வருமானமாக்கிக்கொண்டார்கள். சாயம் போட்டதைத் துவைத்து வெளுக்க ஆள், பேல் கட்டிச் சுமக்க ஆள். இவர்களிடம் யார் முன்பணம் கொடுத்துக் கெஞ்சினார்கள்? கொடி நாலு இருந்தாலும், வேர் தோண்டுகிறவளுக்கு ஒரே எசமான்தான். ஊர்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எம்.ஏ.யில் உரைநடை வளர்ச்சிக்கு உதாரணமாகச் சொல்லித்தந்தார்கள். அவர் புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷ். கப்பல் வந்தது, துணி வந்தது, வியாபாரி வந்தான் என்று நாட்குறிப்பு முழுக்கச் சரக்குத்தான். பறையர்கள் வருகிற ஒரு இடம் எனக்கு மறக்காது. 1745 அக்டோபரில், புதுச்சேரி மாதா கோயிலுக்குள் தங்களைப் பிரித்துவைத்திருந்த சுவரை எதிர்த்து அவர்கள் போய்க் கேட்கிறார்கள், சுவர் இடிக்கப்படுகிறது. பிள்ளைக்கு அது பிடித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த இடம் சோறு தின்ற மாதிரி இருந்தது. பாடத்திட்டத்தில் அந்தப் பகுதி இல்லை.

உடுத்துகிற கதை இன்னொன்று. பத்தாவியாவிலும் செனகலிலும் லண்டனிலும் நம் கரைத் துணியை யார் யாரோ உடுத்தினார்கள். இராமநாதபுரம் பக்கம் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் எட்டுக் கட்டளை போட்டார்கள். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆதிதிராவிட ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, நகை போடக்கூடாது என்று போகிறது அது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. எங்கள் பக்கம் எழுதிவைத்த கட்டளை இல்லை, பழக்கம் இருந்தது. தாத்தா தான் நெய்த துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டை வீட்டுத் தெருவில் நடந்ததில்லை. அக்குளில் இடுக்கிக்கொள்வார். அப்பாயி முதல்முதலாக ரவிக்கை போட்டது எனக்கு அத்தை பிறந்த பிறகுதான். “கூசுச்சு” என்று சொல்லிச் சிரிக்கும். எதற்குக் கூசியது என்று எனக்குப் பிடிபட ரொம்ப வருஷமானது.

அடிமை வியாபாரத்தை இங்கிலாந்து 1807இல் தடை செய்தது. மான்செஸ்டர் மில் துணி வந்தது. சோழமண்டலத் துணிக்குச் சந்தை சுருங்கியது. அப்புறம் கப்பல் சும்மா நிற்கவில்லை. 1848இல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தபோது கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். துணி ஏறிய துறையில் மறுபடி ஆள் ஏறியது. எங்கள் தெருவில் ‘மோரீசுக்குப் போன வீடு’ என்று ஒரு காலி மனை இருந்தது. போனவர்கள் எந்தத் தீவுக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடல் தாண்டினால் எல்லாம் மோரீசு.

இனி என் தங்கச்சி. அவளைப் பற்றி எழுத அவளிடம் கேட்டேன், பெயர் போடாதே என்றாள். பத்தாவது முடித்ததும் சுமங்கலித் திட்டம் என்று சொல்லி ஒரு நூற்பாலைக்குக் கூட்டிப்போனார்கள். மூணு வருஷம், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று பேச்சு. விடுதிக்கு வெளியே பூட்டு. அவளோடு இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சேரிப் பிள்ளைகள். அன்றைக்கு ராட்டையில் உட்கார்ந்தவளின் பேத்தியை இப்போது ஸ்பிண்டிலுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ரெண்டாவது வருஷம் மூச்சு இரைக்க ஆரம்பித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மொத்தப் பணம் வரவில்லை. பிறகு திருப்பூர். செக்கிங்கில் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, டெய்லர் ஆனாள்.

திருப்பூரில் கோட்டை இல்லை. முன்பு கோட்டா இருந்தது. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் 1974இலிருந்து அளந்து வைத்திருந்தன. 2004 முடிவோடு அது போயிற்று. அதற்கப்புறம் பங்களாதேஷ், வியட்நாம், நாம் என்று யார் மலிவு என்பதில் போட்டி. அந்தக் காலத்தில் வாங்குகிறவர்கள் போட்டிபோட்டார்கள், தறிக்காரருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. இப்போது விற்கிறவர்களைப் போட்டிபோட வைத்துவிட்டார்கள். டே கேட்ட அதே 20 விழுக்காடுதான், ஒவ்வொரு சீசனும் கேட்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 27இலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. அதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. செப்டம்பர் முதல் வாரம் தங்கச்சி போன் செய்தாள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவளுக்கு வாரத்தில் மூணு நாள் வேலை. அப்புறம் அதுவும் இல்லை, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

“ஏங்க்கா, எவனோ எவன்கிட்டயோ எண்ணெ வாங்குனா எனக்கு எதுக்குக்கா ஷிப்டு கொறையுது?”

இருபது வருஷமாய் நான் படித்த புத்தகம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தும் அவளுக்குச் சொல்கிற மாதிரி ஒரு வரி வரவில்லை. ஒல்லாந்தன், பழவேற்காடு என்று ஏதோ ஆரம்பித்தேன். “நீ கூட்டத்துல பேசுற மாதிரியே பேசாத” என்று வைத்துவிட்டாள்.

தீபாவளிக்கு வந்தவள் ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். வீடு இப்போது பழைய வீடில்லை. 2021இல் அரசாங்கத் திட்டத்தில் காங்கிரீட் போட்டாயிற்று. குழியை ரெண்டு வண்டி மண் கொட்டி மூடி மேலே சிமெண்ட் பூசினார்கள். அப்பாயி அதைப் பார்க்க இல்லை, அதற்கு முந்தின வருஷமே போய்விட்டது. மூடுவதற்கு முன்னால் கொத்தனார் உள்ளே இறங்கிக் கிளறினார். மக்கிப்போன மிதிக்கட்டை ஒன்று வந்தது. காலை வைக்கிற இடம் மட்டும் தேய்ந்து பள்ளமாயிருந்தது. அதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பூசின தரை அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உள்வாங்குகிறது. அம்மா பாயை அங்கே போடாமல் தள்ளிப் போடுகிறாள்.

கார்த்திகை முடிவில் வேறொரு கம்பெனியிலிருந்து தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். ஐரோப்பா ஆர்டராம். பீசுக்கு முன்னைவிடக் குறைவு. “போவட்டா?” என்று என்னைக் கேட்டாள். எவ்வளவு குறைவு என்று கேட்டேன். சொன்னாள். பேரம் பேசிப் பார்த்தாயா என்றேன். “எங்க சொல்லி பேசுறது, எல்லா கம்பெனியும் பேசி வச்சிக்கிட்டு ஒரே ரேட்டுதாங்க்கா சொல்றானுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.